அப்பாவின் குரல் ஏழு வாரமாகக் கம்மியிருக்கிறது, மாத்திரை மட்டும் மாறிக்கொண்டே போகிறது

வாசல்திண்ணை | திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நாள்கணக்கில் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

அப்பாவுக்கு 58 வயது. ஏழு வாரத்துக்கு முன்னால் சளி பிடித்தது. சளி ஒரு வாரத்தில் போய்விட்டது, குரல் கம்மியது கம்மியபடியே நின்றுவிட்டது. முதலில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். அப்புறம் வேறொரு ஆன்டிபயாடிக். இப்போது, "அசிடிட்டி மேலே ஏறி வந்து தொண்டையைப் புண்ணாக்குகிறது" என்று அதற்கு மாத்திரை. இன்னும் ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்செரிச்சல் உண்டா என்று அப்பாவைக் கேட்டேன், ஒரு நாளும் வந்ததில்லை என்கிறார். மூன்று முறை போனபோதும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்ததுதான் பரிசோதனை.

முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். நான்கு வருடமாகத் தொடுவதில்லை.

நேற்று ஒரு காரியம் செய்தேன். அவர் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க் கேட்டேன். சளி பிடித்த நாளுக்கு ஆறு வாரம் முன்பே குரலில் ஒரு சொரசொரப்பு வந்துவிட்டது. பேச ஆரம்பிக்கும்போது நன்றாக இருக்கிறது, முடிக்கும்போது வெறும் காற்றுதான் வருகிறது. "சரிம்மா, வெச்சுடறேன்" என்பதில் "வெச்சுடறேன்" காதில் விழவே இல்லை. அப்போது இதையெல்லாம் நான் கவனிக்கவில்லை. ஆக இது ஏழு வாரக் கதை இல்லை, மூன்று மாதக் கதை.

வலி இல்லை, சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது, எடை குறையவில்லை. "வலிக்காத தொண்டைக்கு எதுக்கு ஸ்பெஷலிஸ்ட்?" என்கிறார். நான்தான் வீணாகப் பதறுகிறேனா?

அரைத்தூக்கம் | திங்கள் இரவு

பதறாதீங்க. எனக்கும் இதே கதைதான். அசிடிட்டி என்று சொல்லி மூன்று மாதமாக மாத்திரை ஓடுகிறது. பாதி சரியாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தொண்டை விஷயம் மெதுவாகத்தான் ஆறும்.

ஓலைச்சுவடி | திங்கள் நள்ளிரவு

பின்தொடர்கிறேன். என் மாமாவுக்கும் இப்படித்தான் இருக்கிறது.

குரல்வளைக்காரன் | செவ்வாய் காலை

வாசல்திண்ணை, நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் இன்னது என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னும் ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கும் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார் என்பதைச் சொல்லலாம். அந்த வாய்ஸ் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். எத்தனை நாளாக என்று கேட்டால் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். உங்களிடம் தேதியோடு இருக்கிறது.

முதலில் அந்த டார்ச். வாயைத் திறந்தால் அண்ணம், டான்சில், தொண்டையின் பின்சுவர், இவைதான் தெரியும். குரல் நாண்கள் அதற்கும் கீழே, நாக்கின் வேர்ப்பகுதியைத் தாண்டி, குரல்வளை மூடிக்குப் பின்னால் இருக்கின்றன. டார்ச் வெளிச்சம் அங்கே வளைந்து போகாது. "தொண்டையைப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு" என்று யாராவது சொன்னால், குரல் நாணைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்தது வலி. ஆண்களுக்குக் குரல் நாண் ஏறக்குறைய 2 செ.மீ. நீளம்தான். பேசும்போது இரண்டு நாண்களும் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. விளிம்பில் கடுகளவு தடிப்பு வந்தால் போதும், இரண்டும் சரியாகச் சேராது, இடையில் காற்று கசியும். நீங்கள் சொன்ன "வெறும் காற்று" அதுதான். நாணில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆனால் குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு சாதகமும் உண்டு. நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு, அதனால் ஆரம்பக் கட்டத்தில் கழுத்து நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) பரவுவது அபூர்வம். நாணோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால், ரேடியேஷனோ லேசரோ, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

நாணுக்கு மேல்பகுதியில் வந்தால் கதை வேறு. குரல் கடைசியில்தான் மாறும். அதற்கு முன்னால் ஏதோ சிக்கியிருப்பது போல இருக்கும், விழுங்கும்போது ஒரு பக்கம் வலிக்கும், காதில் ஒன்றுமே இல்லாமல் அந்தப் பக்கக் காது குத்தும், கழுத்தில் கட்டி தட்டுப்படும். அங்கே நிணநீர்ப் பாதைகள் அதிகம் என்பதால் சீக்கிரம் பரவவும் செய்யும்.

குரல் கம்மி நான்கு வாரம் தாண்டினால் யாராக இருந்தாலும் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு (ஸ்கோப்) நாணைப் பார்க்க வேண்டும். சிகரெட் பழக்கம் (விட்டவர்களும் சேர்த்தி), கழுத்துக் கட்டி, விழுங்கச் சிரமம், இருமலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நான்கு வாரமும் காத்திருக்கத் தேவையில்லை. மூச்சிழுக்கும்போது கொர்ரென்று சத்தம் வந்தால் அன்றைக்கே, அப்போதே கிளம்ப வேண்டும்.

சந்தேகப்பேர்வழி | செவ்வாய் மதியம்

டாக்டர் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். தலைவலி என்று எழுதினால் மூளைக் கட்டி, குரல் கம்மியது என்று எழுதினால் தொண்டைக் கேன்சர். இணையத்தில் எந்த இழை இப்படிப் போகாமல் இருந்திருக்கிறது? குரல் கம்முகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. எல்லோரையும் மூக்கில் குழாய் விட்டுப் பார்ப்பதா?

குரல்வளைக்காரன் | செவ்வாய் மாலை

கோபம் என்ன, நியாயமான கேள்விதான். பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருக்காது என்பது முழு உண்மை. சளியோடு வந்த கம்மல் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தானாகவே போய்விடும், அவர்களை யாரும் ஸ்கோப் போடச் சொல்லவில்லை. குரல் நன்றாக இருக்கிறவர்களை வரிசையில் நிற்க வைத்துப் பார்க்கவும் சொல்லவில்லை. அப்படிச் செய்வதால் பலன் உண்டு என்று நிரூபணமும் இல்லை. போகாமல் நிற்கிற கம்மலைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவ அகாடமி 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று மாதம் வரை பொறுக்கலாம் என்று இருந்தது. 2018-ல் அதையே நான்கு வாரமாகக் குறைத்துவிட்டார்கள். ஆன்டிபயாடிக்கை வழக்கமாகக் கொடுக்காதே, குரல்வளையைப் பார்க்காமல் கம்மலுக்கென்று அசிடிட்டி மாத்திரை எழுதாதே என்றும் அதிலேயே இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2015 வழிகாட்டுதல், 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் காரணம் தெரியாமல் கம்மல் நீடித்தால் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து விரைவாக அனுப்புவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது.

அசிடிட்டி மாத்திரை விஷம் இல்லை. அது ஒரு மாதத்தைத் தின்றுவிடுகிறது, எனக்குக் கவலை அதுதான். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இறங்கிய வாரத்தில் குரல் கொஞ்சம் தெளியும், மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். அடுத்த மாதச் சீட்டும் எழுதியாகிவிடும்.

சந்தேகப்பேர்வழி | செவ்வாய் மாலை

மூன்று மாதத்தை நான்கு வாரமாகக் குறைத்தது எனக்குத் தெரியாது. சரி, வாபஸ்.

வாசல்திண்ணை | செவ்வாய் இரவு

நன்றி டாக்டர். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். குழாய்க்கு ஒப்புக்கொள்ள மாட்டேன், வேண்டுமானால் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம், அதில் தெரியாததா என்கிறார்.

குரல்வளைக்காரன் | செவ்வாய் இரவு

தெரியாமல் போகலாம். நாணின் மேல்தோலில் இருக்கும் சின்ன வெள்ளைத் திட்டு ஸ்கேனில் பிடிபடாது. ஸ்கேன் "நார்மல்" என்று வந்துவிட்டால் அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்னும் ஆறு மாதம் ஓட்டிவிடுவார். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். ஏதாவது இருந்தால் அது எவ்வளவு ஆழம், எங்கே வரை என்று அளக்கத்தான் ஸ்கேன்.

மீண்டகுரல் | புதன் காலை

வாசல்திண்ணை, இதை அப்பாவிடம் காட்டுங்கள். நான் அவரை விட மூன்று வயது மூத்தவன்.

ஐயா, அந்தக் குழாய்க்குப் பயந்து பதினோரு மாதம் தள்ளிப்போட்டவன் நான். என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார வைத்து மூக்கில் ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள். கசப்பு தொண்டைக்குள் இறங்கும். இரண்டு நிமிடத்தில் தொண்டை மரத்துப்போய், எச்சில் விழுங்கினால் வேறு யாருடைய தொண்டையிலோ விழுங்குவது போல இருக்கும். எனக்குப் பிடிக்காத பகுதி அது ஒன்றுதான். குழாய் பென்சிலை விட மெல்லியது. மூக்கின் உள்வளைவைத் தாண்டும்போது கண்ணில் நீர் கட்டும், வலியால் இல்லை, தானாக. "ஈ என்று இழுங்கள்" என்றார். இழுத்தேன். "மூக்கால் உறிஞ்சுங்கள்." உறிஞ்சினேன். அவ்வளவுதான். பதினோரு மாதமாகப் பயந்த காரியம், செருப்பைக் கழற்றி மாட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது.

திரையில் பார்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்த ஒரு 'வி' போல இரண்டு வெள்ளைப் பட்டைகள். வலது பக்கம் பளபளவென்று இருந்தது. இடது பக்கத்தில் சுண்ணாம்பை அப்பிக் காயவிட்டது போல ஒரு மேடு. 'ஈ' சொல்லும்போது வலது சட்டென்று வந்து நின்றது, இடது சோம்பேறித்தனமாக வந்தது. டாக்டர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

நாணின் அசைவு மந்தமாகியிருந்ததால் இரண்டாம் நிலை என்றார்கள். அசையாமலே நின்றுவிட்டால் மூன்று. ஆறரை வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் ரேடியேஷன். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரத்திலிருந்து தண்ணீர் விழுங்கவே யோசிக்க வேண்டியிருந்தது, கழுத்துத் தோல் கறுத்தது, குரல் முழுதாகப் போனது. முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் மெல்ல வந்தது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் வறண்ட குரல். போனில் 'ஹலோ' சொன்னால் மகன் கண்டுபிடித்துவிடுகிறான்.

பதினோரு மாதம் முன்னால் போயிருந்தால் ஒரு லேசரோடு முடிந்திருக்கலாமோ என்று அவ்வப்போது நினைப்பேன். டாக்டரிடம் கேட்டேன். நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

பாட்டுவாத்தியார் | புதன் மதியம்

நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் தொழிலில் குரல் கம்மினால் முதலில் சொல்வது "கத்திப் பாடியிருப்பே, ரெஸ்ட் கொடு". பத்து முறையில் எட்டு முறை அது சரியாகவும் இருக்கும். அதனாலேயே மற்ற இரண்டைக் கோட்டைவிடுகிறோம்.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவருக்கு இரண்டு மாதம் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். நல்லவேளை, நாணில் சின்னக் காய்ப்புதான், பயிற்சியிலேயே கரைந்துவிட்டது. ஆனால் அது காய்ப்புதான் என்பது ஸ்கோப் போட்டபிறகு தெரிந்தது. அதுவரை நாங்கள் சொன்னதெல்லாம் ஊகம். பாட்டுக்காரர்கள், ஆசிரியர்கள், நாள் முழுவதும் போனில் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் கையில் ஒரு ரெடிமேட் காரணம் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

ஒரு பெருமையும் அடித்துக்கொள்கிறேன். உயிரோடு இருக்கும் மனிதனின் குரல் நாண் அசைவதைக் கண்ணாடி வைத்துத் தெளிவாகப் பார்த்துச் சொன்னவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்பவர் 1854-ல் சூரிய வெளிச்சத்தையும் சிறு கண்ணாடியையும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வாசிக்கப்பட்டது. அன்றைக்கே ஒருவர் தன் கையாலேயே பார்த்துக்கொண்டார். இன்றைக்கு ஒரு நாற்காலியில் போய் உட்கார நமக்கு மூன்று மாதம் ஆகிறது!

குரல்பயிற்சி | புதன் மாலை

ஸ்பீச் தெரபிஸ்டாக இரண்டு வார்த்தை. நாணைப் பார்த்த அறிக்கை இல்லாமல் வருகிறவர்களுக்கு நாங்கள் பயிற்சி ஆரம்பிப்பதில்லை. திருப்பி அனுப்பினால் சிலர் வருத்தப்படுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் குரலை மட்டும் மெருகேற்றிக் கொடுத்தால் நோயை மூடி மறைத்த பாவம் எங்களுக்கு வரும்.

குரலைக் கம்மச் செய்யும் மற்றவையும் நிறைய. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு இன்ஹேலர் (உறிஞ்சியபின் வாய் கொப்பளிக்காவிட்டால் பூஞ்சை படியும்), தைராய்டு சுரப்புக் குறைவு, நாணில் பாலிப் (சின்னச் சதைமொட்டு), நீண்டநாள் புகைப்பவர்களுக்கு நாண் முழுவதும் தண்ணீர் கோத்ததுபோல் வீங்குவது, குரல்வளைக் காசநோய். காசநோய்க் குரல்வளை சில சமயம் பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருக்கும், சதை எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

அப்புறம், அப்பா கிசுகிசுப்பாகப் பேசிச் சமாளிக்கிறார் என்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பலருக்குக் கிசுகிசுப்பது நாணுக்கு இன்னும் சிரமம். மெதுவான சாதாரணக் குரலில் குறைவாகப் பேசட்டும்.

மழைக்கோடு | புதன் இரவு

எங்கள் அம்மா ஒரு சிகரெட் தொட்டதில்லை. குரல் கம்மியது. ஸ்கோப் போட்டால் நாணில் ஒரு கறை கூட இல்லை, ஆனால் இடது நாண் அசையவில்லை. "நெஞ்சை ஸ்கேன் எடுங்கள்" என்றார் இ.என்.டி. டாக்டர். தொண்டைக்கு வந்தோம், நெஞ்சை ஏன் என்று சண்டை போட்டேன். நுரையீரலில் இருந்தது.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை.

குரல்வளைக்காரன் | புதன் இரவு

எழுதியதற்கு நன்றி மழைக்கோடு. அந்த டாக்டர் சரியாகச் செய்திருக்கிறார். இடது நாணை அசைக்கும் நரம்பு கழுத்திலிருந்து நேராக நாணுக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின்) வளைவுக்கு அடியில் சுற்றி, மறுபடி மேலே ஏறி வருகிறது. அந்த வழியில் நுரையீரலிலோ நிணநீர் நெறியிலோ கட்டி வந்து நரம்பை அழுத்தினால் முதலில் குரல்தான் போகும். கழுத்தில் தைராய்டுக் கட்டியும் இதைச் செய்யும். அதனால் ஸ்கோப்பில் நாணின் தோலைப் பார்ப்பதோடு அது அசைகிறதா என்றும் பார்க்கிறோம். 'ஈ' சொல்லச் சொல்வது அதற்காகத்தான்.

தூசிப்பக்கம் | வியாழன் காலை

சரித்திரப் பைத்தியம் ஒருவனின் குறுக்கீடு. 1887 ஜனவரியில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக்குக்குக் குரல் கம்மியது. சளி என்று நினைத்தார்கள், போகவில்லை. ஜெர்மன் மருத்துவர்கள் கேன்சர் என்று சந்தேகித்து அறுவைக்குத் தயாரானார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட மோரெல் மெக்கன்ஸி, முதலில் சதையை எடுத்துப் பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள் என்றார். எடுத்த துணுக்குகளை நோய்க்குறியியலின் பிதாமகர் ருடால்ஃப் விர்ஷோவே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கேன்சர் தெரியவில்லை. அந்த வருடம் நவம்பரில் கேன்சர்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1888 மார்ச்சில் அவர் சக்கரவர்த்தி ஆனபோது கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தது, பேச முடியாது. 99 நாள் ஆட்சி. ஜூன் 15-ல் இறந்தார்.

ஆக, சதை எடுத்துப் பார்த்தும் தப்பாகலாம் அல்லவா?

குரல்வளைக்காரன் | வியாழன் மதியம்

ஆகலாம். மெக்கன்ஸியும் தவறு செய்யவில்லை, விர்ஷோவும் தவறு செய்யவில்லை என்றுதான் நான் நினைப்பேன். கையில் வந்த துணுக்கில் கேன்சர் இல்லை, அவ்வளவுதான். துணுக்கு எடுக்காத இடத்தைப் பற்றி மைக்ராஸ்கோப் ஒன்றும் சொல்லாது. கண்ணுக்குச் சந்தேகமாக இருந்து, பயாப்ஸி (சதை எடுத்துப் பார்ப்பது) நல்லபடியாக வந்து, குரலும் திரும்பாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். இன்னும் ஆழமாக. எங்களுக்கு இதைப் படிக்கும் காலத்திலேயே அடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஓலைச்சுவடி | வியாழன் மாலை

போனில் பேசினாலே கேன்சரைக் கண்டுபிடிக்கும் ஏ.ஐ. ஆப் வருகிறது என்கிறார்களே?

குரல்வளைக்காரன் | வியாழன் மாலை

ஆராய்ச்சி நடக்கிறது. குரல் சரியில்லை என்று ஆப் சொல்லும். அதைத்தான் வாசல்திண்ணை ஆப் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டாரே.

வாசல்திண்ணை | மறு வாரம், செவ்வாய்

மீண்டகுரல் ஐயா எழுதியதைத்தான் அப்பா இரண்டு முறை வாசித்தார். "செருப்பு மாட்டும் நேரம்" என்ற இடத்தில் சிரித்தார். நேற்றுப் போய் வந்தோம்.

வலது நாணில் வெள்ளைத் திட்டு. இரண்டு நாணும் நன்றாக அசைகின்றன. டாக்டர் ஒரு பட்டனை அழுத்தியதும் திரை முழுக்க நீலமும் பச்சையுமாக மாறியது. அந்த ஒளியில் ரத்தக் குழாய்கள் எடுப்பாகத் தெரியுமாம். திட்டின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போன் வாங்கி இரண்டு முறை கேட்டார்.

மயக்க மருந்து கொடுத்து பயாப்ஸி எடுக்க வேண்டும் என்கிறார்கள். பெரியப்பா போன் செய்து, கத்தி பட்டால் பரவும், தொடாதே என்று அப்பாவைக் குழப்பிவிட்டார். டாக்டர், இதற்கு என்ன சொல்வது?

குரல்வளைக்காரன் | செவ்வாய் இரவு

நாணில் பயாப்ஸி எடுப்பதால் பரவுவதில்லை. இந்தப் பயம் எப்படி வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். முற்றிய நிலையில் வந்தவர்களுக்குச் சதை எடுப்பார்கள், சில மாதத்தில் அவர் போய்விடுவார், பார்த்தவர்கள் கத்தியைக் குறை சொல்வார்கள். பெரியப்பாவும் அப்படி யாரையாவது பார்த்திருப்பார், அவரிடம் கோபப்படாதீர்கள். என்ன செல் என்று தெரியாமல் எந்த டாக்டரும் ரேடியேஷன் கொடுக்க முடியாது என்று மட்டும் சொல்லுங்கள்.

வாசல்திண்ணை | பத்து நாள் கழித்து

பயாப்ஸி வந்துவிட்டது. 'கடுமையான டிஸ்பிளேசியா', அதாவது செல்கள் மோசமாக உருமாறியிருக்கின்றனவாம், கேன்சர் என்று எழுதவில்லை. அப்பா வீட்டில் எல்லோருக்கும் போன் போட்டு "ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் டாக்டர் சந்தோஷப்படவில்லை. முழுத் திட்டையும் லேசரால் எடுத்து அனுப்ப வேண்டும் என்கிறார். தூசிப்பக்கம் எழுதிய ஃபிரெட்ரிக் கதை இல்லையென்றால் நானும் அப்பா பக்கம்தான் நின்றிருப்பேன்.

குரல்வளைக்காரன் | அன்று மாலை

டாக்டர் பக்கம் நில்லுங்கள். கடுமையான டிஸ்பிளேசியா என்பது கேன்சருக்கு முந்தைய வாசல்படி. எடுத்தது துணுக்கு, திட்டு அதைவிடப் பெரியது. எப்படிப் பார்த்தாலும் அந்தத் திட்டு அங்கே இருக்கக் கூடாது.

வாசல்திண்ணை | நான்கு வாரம் கழித்து

லேசர் முடிந்தது. முழுத் திட்டின் அறிக்கையில் ஒரு ஓரத்தில் கேன்சர் இருந்தது. ஒரு நாணோடு நின்றிருக்கிறது, டி1ஏ என்ற ஆரம்பக் கட்டம். வெட்டிய விளிம்புகள் சுத்தம். இப்போதைக்கு ரேடியேஷன் வேண்டாம் என்கிறார்கள். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கோப், அப்புறம் இடைவெளி கூடும், ஐந்து வருடம் விடாமல் வர வேண்டும். சிகரெட் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, ஏனென்றால் நுரையீரலிலும் வாயிலும் புதிதாக இன்னொன்று வரும் அபாயம் இவர்களுக்கு உண்டாம்.

முதல் சில நாள் பேசவே கூடாது என்று சொன்னதால் அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு எழுதிக் காட்டினார். முதல் பக்கத்தில் முதல் வரி: "ஃபேனைக் குறை." இப்போது பேசுகிறார். குரல் இன்னும் காற்றாகத்தான் வருகிறது, பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மீண்டகுரல் | அன்று இரவு

ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குரல் வரும், அவசரப்படுத்த வேண்டாம்.

அரைத்தூக்கம் | மறுநாள்

இந்த இழையில் முதலில் "பதறாதீங்க" என்று எழுதியவன் நான். எனக்கு இப்போது ஐந்தாவது மாதம். பாதி சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தேன். நேற்று நானும் பழைய வாய்ஸ் மெசேஜ்களைப் போட்டுக் கேட்டேன், பாதியும் இல்லை, காலும் இல்லை. இதுவரை யாரும் உள்ளே பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலை ஸ்கோப்புக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

மீண்டகுரல் | மறுநாள்

என்னை வெறும் வயிற்றோடு வரச் சொல்லவில்லை தம்பி. நீங்கள் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே அடித்தபிறகுதான் ஒரு மணி நேரம் எதையும் விழுங்க வேண்டாம், மரத்த தொண்டையில் புரையேறும். கைக்குட்டை ஒன்று கொண்டுபோங்கள், கண்ணில் தண்ணீர் வரும்.